சர்க்கரை டப்பாவும் மூன்றாம் ஜோடியும்

அந்தக் குடியிருப்பில் யார் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றுபோனாலும் அது நேராக இரண்டாம் மாடியில் அவள் வீட்டுக்குத்தான் வந்து சேரும். எல்லாம் அவள் வாயால் வந்த வினை. குடிவந்த புதிதில் கீழ்வீட்டு டீச்சர் படிக்கட்டில் மறித்து, "என்ன வேலைம்மா பார்க்குறீங்க?" என்று கேட்டார். "கிளாக் சிப் வேலை டீச்சர்" என்று அவளும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே கதவைத் திறந்தால் டீச்சர் கையில் ஒரு குயில் கடிகாரம்.

"மணி அடிக்குது. குயில்தான் வெளிய வர மாட்டேங்குது. கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்."

இது அந்த மாதிரிக் கடிகாரம் இல்லை, தன் வேலையே வேறு என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். டீச்சர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "அவசரமில்ல, சாயங்காலம் வந்து வாங்கிக்குறேன்" என்று கடிகாரத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் பின்மூடியைத் திறந்து, இறக்கையில் சிக்கியிருந்த நூலை எடுத்துவிட்டாள். குயில் ஜோராக வெளியே வந்தது. அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் போயிற்று. சின்னது பெரியது எல்லாருக்கும் அவள் கடிகாரக்கா. அந்தப் பெயர் எப்படியோ வண்டி பிடித்து அலுவலகத்துக்கும் வந்துவிட்டது.

உண்மையில் அவள் பார்த்த வேலை என்னவென்றால், மருத்துவமனையில் வயிற்றின்மேல் வைத்துத் தேய்த்து உள்ளே இருப்பதைத் திரையில் காட்டுகிறார்களே ஸ்கேன் மெஷின், அதைச் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவள் என்ஜினீயர். மெஷினுக்குள் ஒரு பச்சைப் பலகை. பலகையில் பெரிய பெரிய சிப்புகள். அவை எல்லாம் ஒரே தாளத்தில் வேலை செய்தால்தான் படம் வரும். தாளம் போடுவது விரல் நகத்தைவிடச் சின்னதான ஒரு சிப். அதுதான் கிளாக் சிப். அதிலிருந்து ஒவ்வொரு பெரிய சிப்புக்கும் ஒரு ஜோடிக் கம்பி போகும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். வாங்கிக்கொள்கிற சிப் இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். வழியில் ஏதாவது இரைச்சல் புகுந்தாலும் இரண்டிலும் ஒன்றுபோலப் புகுவதால் வித்தியாசம் கெடாது.

இதை ஒருமுறை புருஷனுக்குச் சாப்பாட்டு மேசையில் இரண்டு ஸ்பூன்களை ஏற்றி இறக்கி விளக்கினாள்.

"ஒருத்தர் ஏறினா இன்னொருத்தர் இறங்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க."

"நம்ம வீட்டுல எப்பவும் இறங்குற கம்பி நான்தானா?"

"மாத்தி மாத்தி இறங்கணும். ஒரே ஆள் இறங்கியே கிடந்தா அதுல துடிப்பு ஏது?"

அவர் ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

அந்த ஜோடிகளை ஓட்டுவதில் பல விதம் உண்டு. ஒரு விதத்தில் சிப் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது கீழே கிரவுண்டுக்கு இறங்கிப்போக ஒவ்வொரு கம்பியின் முடிவிலும் ஓர் ஐம்பது ஓம் ரெசிஸ்டர் இருந்தாக வேண்டும். இன்னொரு விதத்தில் ஒரு கம்பியில் போன மின்சாரம் மற்றதன் வழியே திரும்பி வந்துவிடும். கிரவுண்டுக்கு வழி வேண்டாம், இரண்டு கம்பிக்கும் குறுக்கே ஒரே ஒரு நூறு ஓம் போதும். எந்த ஜோடியை எந்த விதத்தில் ஓட்டுவது, எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுவது என்பதை எண்களாகச் சிப்புக்குள் எழுத வேண்டும். கம்பெனியில் அந்த எண்களை எழுதுகிற கை கடிகாரக்காவின் கை ஒன்றுதான். வேறு யாரும் பக்கத்தில் போக மாட்டார்கள். போனாலும் அவள் விடமாட்டாள்.

புருஷன் கடைத்தெரு முனையில் சாவி போடுகிற கடை வைத்திருந்தார். ஊரில் பாதி வீடு அவர் வெட்டிய சாவியால்தான் திறக்கும். காரைப் பூட்டிவிட்டு உள்ளே சாவியை விட்டவர்கள், பீரோ திறக்காமல் பட்டுப்புடவை உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் மனுஷனுக்குக் கண் தெரியாமல் போய்விடும். மத்தியானம் கடையை மூடிவிட்டுச் சாப்பிட வருவார். வந்த கையோடு அவளுக்கு போன் வரும்.

"ஏம்மா, சக்கரை டப்பா எங்க இருக்கு?"

"அடுப்புக்கு மேல ரெண்டாவது தட்டு, வலது கோடி, காப்பித்தூளுக்குப் பின்னாடி."

"கத்தரிக்கோலு?"

"டிராயர்ல, இடது பக்கம், டேப்புக்குக் கீழ."

இப்படி நாள் தவறாமல். நேற்று கேட்டதையே இன்றும் கேட்பார். "இவரு ஒரு கைக்குழந்தைப்பா" என்று போனை வைத்துவிட்டு அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொள்கிற முகத்தைப் பார்த்தால் யாரும் அலுப்பு என்று சொல்ல மாட்டார்கள். தான் இல்லாவிட்டால் வீட்டில் ஓர் அணு அசையாது என்பதில் அவளுக்கு உள்ளூர அவ்வளவு பெருமை. அலுவலகத்திலும் அதே கதைதான். "கடிகாரக்கா லீவா? அப்ப இன்னைக்கு ஒண்ணும் நடக்காது" என்று யாராவது சொன்னார்கள் என்று கேள்விப்பட்டால் அன்று முழுக்க அவளுக்கு நடையே வேறு மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்டவளை ஒரு திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். பெரிய ஊரில் கம்பெனி புதிதாக ஒரு லேப் திறக்கிறது. ஒரு வருஷம் அங்கே இருந்து, ஆட்களைச் சேர்த்து, அடுத்த மெஷினை முதல் கோட்டிலிருந்து வரைந்து நடத்த ஒருவர் வேண்டும்.

"உங்களைத்தான் நினைச்சிருக்கேன். ஆனா ஒண்ணு. இப்ப இருக்குற மெஷின் வெள்ளிக்கிழமை சோதனைக்குப் போகுது. அது நீங்க பக்கத்துல இல்லாம நாள் பூரா ஓடணும். அங்க போயிட்டு, இதுக்காக நீங்க பஸ் ஏறி ஏறி இங்க வர முடியாது பாருங்க. ஓடலேன்னா உங்களை இங்கயே வெச்சுக்கிட்டு வேற ஆளை அனுப்ப வேண்டியிருக்கும்."

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். யோசிக்க ஒன்றுமில்லை. அவளுக்கு அந்த லேப் வேண்டும். பசி மாதிரி வேண்டும். இத்தனை வருஷமாக யாரோ வரைந்த பலகைக்குத் தாளம் போட்டே காலம் போய்விட்டது. முதல் கோட்டைத் தானே போட வேண்டும் என்ற ஆசையை அவள் கண்ணாடியிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் வீடு? ஒரு வருஷம் அந்த மனுஷன் சர்க்கரை இல்லாமல் காப்பி குடிப்பாரா என்று நினைத்தபோது ஆசையை மடித்து உள்ளே வைத்தாள்.

வீட்டு விஷயம் இருக்கட்டும், மெஷினே அதற்கு வழி விடவில்லை. சாஃப்ட்வேர் எழுதுகிறவர் ஒருவர் அவளுக்கு அடுத்த மேசை. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். என்ன கோளாறு என்று கேட்டாலும், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பதுதான் பதில். அதனால் அவர் பெயர் ரீஸ்டார்ட். செவ்வாய்க்கிழமை காலை அவள் உள்ளே நுழையும்போதே வாசலுக்கு வந்துவிட்டார்.

"அக்கா, நேத்து நீங்க கிளம்பினதும் மறுபடி ஆன் பண்ணேன். படமே வரல."

"நான் இருக்குறவரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?"

"அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க இருந்தா ஓடுது."

அவள் பையை வைத்தாள். டிராயரைத் திறந்தாள். உள்ளே ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் அளவெடுத்துச் செய்த இரண்டு நீல நிற கேபிள்கள், ஒரே நீளம், மடங்காமல் வட்டமாகச் சுற்றி வைத்தவை. அந்த கேபிள்களை அவளைத் தவிர யாரும் தொடக்கூடாது. யாரோ ஒரு தடவை தொட்டு வளைத்துவிட்டதற்காகப் புருஷனிடம் சொல்லி டிராயருக்குத் தனிப்பூட்டே போட்டாகிவிட்டது. மூன்றாம் ஜோடியில், அளப்பதற்கென்றே பலகையில் வைத்திருந்த இரண்டு குட்டி முனைகளில் கேபிள்களை மாட்டி, மறுமுனைகளை, அலையைத் திரையில் வரைந்து காட்டுகிற ஆசிலோஸ்கோப்பில் சொருகினாள். மெஷினைப் போட்டாள். ஸ்கோப்பின் திரையில் இரண்டு அலைகள், ஒன்று ஏற ஒன்று இறங்க, அழகாக வந்தன. அந்தப் பக்கம் மெஷினின் திரையில் சோதனைப் படமும் வந்தது.

"இப்ப என்ன குறை இதுக்கு?"

ரீஸ்டார்ட் முகத்தில் ஈயாடவில்லை. "நான் ரீஸ்டார்ட் பண்ணப்ப வரலியே."

மூன்றாம் ஜோடியை மட்டும் அவள் விடாமல் பார்த்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கம்பி போய்ச் சேருகிற இடத்தில் முன்பிருந்த சிப் சந்தையில் கிடைக்காமல் போய், அதற்குப் பதிலாக வேறொன்று புதிதாக வந்திருந்தது. புதியவர்மேல் ஒரு கண் இருக்கட்டும் என்றுதான் அங்கே கேபிள். இதற்கு முன் செய்த மெஷினில் இருந்ததில் பாதி உயரம்தான் அலை இருந்தது. அதையும் பார்த்தாள். "புதுசு, அப்படித்தான் இருக்கும், வாங்குறவனுக்கு இது போதும்" என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் மெஷினை அணைத்தாள், கேபிள்களைக் கழற்றினாள், டின்னுக்குள் வைத்தாள், பூட்டினாள், கிளம்பினாள். ஓடுகிற மெஷினிலிருந்து கேபிளைக் கழற்றுவது அவள் பிறவியிலேயே கிடையாது. புதன்கிழமை காலை மறுபடி ரீஸ்டார்ட் வாசலில் நின்றார். மறுபடி அவள் வந்து கேபிளை மாட்ட, படம் வந்தது. அலுவலகமே சிரித்தது. "மெஷினுக்கும் உங்க வீட்டுக்காரர் மாதிரிதான் போல. நீங்க இல்லாட்டி சக்கரை டப்பா கிடைக்க மாட்டேங்குது" என்றாள் கணக்குப் பிரிவுப் பெண். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் சாஃப்ட்வேர்தான் கோளாறு என்று ரீஸ்டார்ட்டிடம் எரிந்து விழுந்தாள். அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அது அவளுக்கு இன்னும் உறுத்தியது.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். இந்த மெஷின் தன்னை விடப்போவதில்லை. வீடும் விடப்போவதில்லை. பிறகு எதற்கு ஆசை? மேனேஜரிடம் நாளைக்குச் சொல்லிவிடலாம், முதலில் வீட்டில் சொல்லிவிட்டு ஒரு வாய் சாப்பிட்டு வரலாம் என்று மெஷினை அணைத்து, கேபிளைப் பூட்டி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தபோது கண் கலங்கியது. தூசி என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.

மாடி நடைபாதையில் அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே சீழ்க்கை கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

புருஷன் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார். ஒரு கையால் வாணலியில் உருளைக்கிழங்கைப் புரட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுகையை மேலே நீட்டினார். ரெண்டாவது தட்டு, வலது கோடி, காப்பித்தூளுக்குப் பின்னாடி. கை நேராகப் போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தது. அடுத்தபடி டிராயரை இடுப்பால் இடித்துத் திறந்து, டேப்புக்குக் கீழிருந்து கத்தரிக்கோலை எடுத்துப் பால் பாக்கெட்டை வெட்டினார். மேசையில் அவருடைய சட்டை கிடந்தது. அதில் புதிதாக ஒரு பொத்தான், அவள் தைப்பதைவிட நேர்த்தியாகத் தைத்து.

அவள் மூச்சுக்காட்டாமல் பின்னால் நகர்ந்து படிக்கட்டுப் பக்கம் வந்து, அங்கிருந்தே போன் போட்டாள். நடைபாதைக் கோடியிலிருந்து ஜன்னல் நன்றாகத் தெரிந்தது.

"என்னங்க, சாப்பிட்டாச்சா?"

"நல்லவேளை கூப்பிட்டம்மா" என்றார் அவர், டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு. "இந்தச் சக்கரை டப்பா எங்கதான் வெச்சிருக்க?"

பழக்க தோஷத்தில் அவள் வாய் தானாகவே சொன்னது. "அடுப்புக்கு மேல. ரெண்டாவது தட்டு. வலது கோடி."

"ஆமா, இருக்கு இருக்கு" என்று டப்பாவைக் குலுக்கிக் காட்டினார், யாருக்கோ.

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது கோபம். இத்தனை வருஷமாக என்னை ஒரு பைத்தியக்காரி ஆக்கியிருக்கிறாரே! அடுத்து வந்தது அழுகை. நான் இல்லாவிட்டால் இந்த வீடு நன்றாகவே ஓடுகிறது. என்னைவிட நன்றாக ஓடுகிறது. கீழே இறங்கிப் போனவர்கள் யாராவது, "அக்கா, எங்க வீட்டுக் கடிகாரம்..." என்று ஆரம்பித்திருந்தால் அன்று அடி விழுந்திருக்கும்.

அழுது ஓய்ந்தபோது இன்னொன்று தலைக்குள் சுற்றியது. நான் இருந்தால் இவர் ஒரு மாதிரி, இல்லாவிட்டால் ஒரு மாதிரி. அந்த மெஷினும் அப்படித்தான். இவர் மனுஷன், நடிக்கலாம். மெஷின் நடிக்குமா? நான் வந்தால் அதற்கு என்ன தெரியும்? என் முகமா தெரியும்?

நான் கிளம்பும்போது என்னோடு வேறு என்ன கிளம்புகிறது?

"அடி பாவி" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்தாள். சாப்பாடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வந்த வழியே பஸ்ஸுக்கு ஓடினாள்.

அலுவலகத்தில் கேபிள்களை மாட்டி மெஷினைப் போட்டாள். படம் வந்தது. ரீஸ்டார்ட் சலிப்போடு நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, திரையைப் பார்த்துக்கிட்டே இருங்க."

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கையைக் கடித்துக்கொள்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கேபிள்களைக் கழற்றினாள். படம் அப்படியே உறைந்து, கோடு கோடாகி, செத்துப்போனது.

"அக்கா!"

"மெஷினை ஓட்டினது நான் இல்லப்பா. என் கேபிளு."

பலகையின் வரைபடத்தை எடுத்து விரித்தாள். மூன்றாம் ஜோடியின் கோடியில், புதிய சிப்பின் வாசலில், இரண்டு கம்பிக்கும் குறுக்கே ஒரே ஒரு நூறு ஓம். ஐம்பது ஓம் எங்கேயும் இல்லை. சிப்பை மாற்றியபோது ரெசிஸ்டரையும் மாற்றியிருந்தார்கள். பலகை வரைந்தவர் அதை அவளுக்குத் தகவலும் அனுப்பியிருந்தார். அவளும் பார்த்து, சரி என்று பதில் போட்டிருந்தாள். ஆனால் சிப்புக்குள் எண்களை எழுதும்போது, போன மெஷினின் எண்களை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டாள். அது அவள் வழக்கம். பழைய எண்கள் அவள் கைப்பட எழுதியவை, ஒருநாளும் தப்பியதில்லை, அதில் அவளுக்கு அப்படி ஒரு பிடிப்பு. அந்த எண்களின்படி சிப் மூன்றாம் ஜோடியில் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது. கிரவுண்டுக்கு இறங்கிப்போக வழியில்லாமல் இரண்டு கம்பியும் மேலேயே முட்டிக்கொண்டு நின்றன. அவள் கேபிளை மாட்டியதும் ஸ்கோப்புக்குள் இருந்த ஐம்பது ஓம் வழியாக மின்சாரம் இறங்கியது, துடிப்பு பிறந்தது. பலகையில் நூறு ஓமும் ஸ்கோப்பில் ஐம்பதுமாகப் பங்கு போட்டுக்கொண்டதில் அலை பாதி உயரத்துக்குக் குள்ளமாகியிருந்தது. அது அத்தனை நாளும் அவள் கண்ணெதிரே நின்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாம் ஜோடியின் ஓட்டும் விதத்தை மாற்றி எழுதினாள். போன மின்சாரம் மறு கம்பியில் திரும்பி வருகிற விதம். ஒரே ஓர் எண். எழுதி முடித்ததும் கை தானாக நீல கேபிளைத் தேடிப் போயிற்று. கையை இழுத்துப் பிடித்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே போடுங்க தம்பி."

"ரீஸ்டார்ட்டா?"

"ரீஸ்டார்ட்தான்."

படம் வந்தது. மேலே எதுவும் மாட்டாமல், யாரும் தொடாமல் வந்தது. உறுதி செய்துகொள்ள, டப்பா பிரிக்காமலே கிடந்த வேறொரு ப்ரோப்பை எடுத்தாள்; கம்பியிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சாமல், தொட்டும் தொடாமலும் பார்க்கிற வகை. நல்ல உயரத்தில் அலை இருந்தது. அதையும் எடுத்துவிட்டு, காப்பி குடிக்கப் போனாள், வேண்டுமென்றே வெளியே ஒரு சுற்றுச் சுற்றினாள், திரும்பி வந்தாள். படம் ஓடிக்கொண்டிருந்தது.

ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். "உங்ககிட்ட எரிஞ்சு விழுந்தேன். தப்பு பூரா என்னோடது. எல்லார் முன்னாடியும் திட்டினேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"விடுங்கக்கா" என்றார் அவர். பிறகு அடக்க முடியாமல், "நான் அப்பவே சொன்னேன், நீங்க இருந்தாத்தான் ஓடுதுன்னு" என்று சிரித்தார். அவள் டிராயரின் சாவியைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை மெஷின் சோதனைக்குப் போனது. அவள் போகவில்லை. நாள் பூரா ஓடியது என்று சாயங்காலம் போன் வந்தது.

அன்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் புருஷன், "உப்பு எங்கம்மா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு எங்க தெரியுது?"

"நேத்து மத்தியானம் ஜன்னல்ல நின்னு பார்த்தேன். டப்பாவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு டப்பா எங்கன்னு கேட்டீங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கள்ளச்சாவி போட்டுக் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல உட்கார்ந்திருந்தார். தட்டில் கோடு போட்டுக்கொண்டே மெல்லச் சொன்னார்:

"முதல்ல நிஜமாத்தான் கேட்டேன். கல்யாணமான புதுசுல. கத்தரிக்கோலு தேடிக் கிடைக்கல. போன் போட்டா நீ அழுதுக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு. வேலையில என்னமோ சரியா வரல, யாரோ ஏதோ சொல்லிட்டாங்கன்னு நினைக்குறேன். டிராயர்ல, இடது பக்கம், டேப்புக்குக் கீழன்னு நீ சொல்லச் சொல்ல குரலு நிமிர்ந்துச்சு பாரு. உன் வேலையப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஸ்பூனை வெச்சுச் சொன்னாலும் புரியல. என்னால முடிஞ்சது அதுதான். அதான் தினம் கேட்டேன்."

அவள் எழுந்துபோய் உப்பை எடுத்து வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்த கையை அப்படியே அவர் தோளில் போட்டாள்.

"ஒரு வருஷம் வெளியூர் போகச் சொல்றாங்க."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"திங்கட்கிழமைலேர்ந்து உன் குரலு சரியில்ல. உங்க ஆபீஸ் தம்பி சாவி போட கடைக்கு வந்தாரு, கேட்டேன். போயிட்டு வாம்மா. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்போது இரண்டு பேருக்குமே கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. அவர்தான் பெட்டி கட்டினார். எது எங்கே இருக்கிறது என்று அவளைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

புது ஊரில் புது அறை. ஜன்னலுக்கு வெளியே வேறு தெரு. லேப்பில் பாதி மேசைகள் இன்னும் பிளாஸ்டிக் தாளுக்குள் இருந்தன. அவள் முதல் கோட்டைப் போட்டுவிட்டு, மத்தியானம் சாப்பிடத் தனியாக அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அந்த நேரத்துக்கு ஒரு போன் வர வேண்டும். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போனை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டார். "என்னம்மா?" குரல் உள்ளடங்கி, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"ஏங்க, என் கண்ணாடிக் கூடு எங்க வெச்சீங்க? தேடித் தேடிப் பார்க்குறேன், கிடைக்கல."

"பெட்டியில மேல் அறை" என்றார் அவர். சொல்லச் சொல்ல குரல் நிமிர்ந்தது. "துண்டுக்குக் கீழ, வலது கோடி, சீப்புக்குப் பக்கத்துல. நல்லாப் பாரு."

"இருங்க, பார்க்குறேன்" என்றாள் அவள், மடியில் இருந்த கண்ணாடிக் கூட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.